முதல் விளக்கு: கம்பியில் ஓடுவதா, பேட்டரியில் ஓடுவதா?

லயத்துப் பையன்

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வாரநாள்களில் ஈப்போவில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறுகளில் படம் எடுக்கிறேன். இதுவரை கேமராவின் தலையில் செருகும் ஒரே ஃபிளாஷை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது பட்டணத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் 12 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள ஓர் அறை குறைந்த வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. கையில் 2,500 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. அதில் பிளக்கில் மாட்டும் 300 வாட்-நொடி (ஒரு மின்னலின் சக்தியைச் சொல்லும் அளவு) ஸ்டூடியோ விளக்குகள் இரண்டும் அவற்றுக்கான ஸ்டாண்டும், ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸும் வாங்கலாம். அல்லது கோடாக்ஸ் ஏடி200 போன்ற 200 வாட்-நொடி பேட்டரி ஃபிளாஷ் ஒன்றை, கேமராவிலிருந்து அதை அடிக்கவைக்கும் டிரிகரோடும் ஒரு சாஃப்ட்பாக்ஸோடும் வாங்கலாம். இரண்டையும் வாங்க வழியில்லை. தை மாதத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த இருவரிடம் யோசனை கேட்டேன். இருவரும் நேர் எதிராகச் சொல்கிறார்கள். இருவரும் இங்கே எழுதுகிறவர்கள்தாம் என்பதால் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிடுகிறேன்.

ஈப்போ ஸ்டூடியோக்காரர்

தம்பி, அறை கிடைத்த பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே என்பதுதான் எனக்கு வியப்பு. சுவரில் மூன்று முனை பிளக் இருக்கிறது, 230 வோல்ட் வந்துகொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு, சார்ஜ் ஏற்றி ஏற்றி இறக்கும் ஒரு பெட்டிக்கு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்? நான் 1998-இல் வாங்கிய இரண்டு விளக்குகள் இன்றும் உழைக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் டியூப்பை ஒரே ஒரு முறை மாற்றினேன். பேட்டரியோ பயன்படுத்தினாலும் தேயும், அலமாரியில் கிடந்தாலும் தேயும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஸ்டூடியோ விளக்கின் நடுவில் 150 வாட் மாடலிங் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மூக்கின் நிழல் உதட்டைத் தொடுகிறதா, கண்ணாடி அணிந்தவரின் லென்ஸில் சாஃப்ட்பாக்ஸ் சதுரமாகத் தெரிகிறதா என்பதைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடலாம். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு அதுதான் வாத்தியார். மேலும், நம் பெண்களின் கருங்கூந்தலைக் கறுப்புத் திரையிலிருந்து பிரித்துக் காட்டுவதற்குப் பின்னாலிருந்து இரண்டாவது விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே விளக்கு வைத்திருப்பவரின் படத்தில் தலை எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

பந்தக்கால்

ஐயா சொல்வது, ஸ்டூடியோவைத் தேடி ஆள் வந்த காலத்துக்குச் சரி. அந்த மாடிப்படியில் யார் ஏறி வரப்போகிறார்கள்? அடையாள அட்டைக்கான படத்தைத் தேசியப் பதிவிலாகா தன் முகப்பிலேயே எடுத்துக்கொள்கிறது. சின்னப் பட்டணத்துக் கடைகளுக்குத் தினமும் சில்லறை கொடுத்துவந்த வேலை போய்விட்டது. பட்டமளிப்பு அங்கியோடு வரும் குடும்பங்கள் ஆண்டுக்குச் சில. மற்றபடி பூப்பு நீராட்டு, வளைகாப்பு, நிச்சயம், கல்யாணம் எல்லாமே வீட்டிலும் கோயிலிலும் டேவானிலும்தான் (மண்டபத்திலும்தான்) நடக்கின்றன. தம்பியிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். இரண்டு ஸ்டூடியோ விளக்கையும் கம்பிச் சுருளையும் அதில் ஏற்றிக்கொண்டு செம்பனைக் காட்டின் செம்மண் பாதையில் மழைக்குப் பிறகு போய்ப் பார்க்கட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்து டேவானில் கல்யாணம். மணவறைக்கு அருகில் ஒரே ஒரு பிளக். அதில் ஒலிபெருக்கிக்காரர் ஏற்கெனவே நீட்டுக் கம்பியை மாட்டி, மைக், விசிறி, மணவறையின் வண்ண விளக்குகள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுத்திருந்தார். மிச்சமிருந்த ஓட்டையில் என் விளக்கையும் மாட்டினேன். அன்று முழுவதும் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, விளக்கு மீண்டும் சார்ஜ் இழுக்கும் கணத்தில், ஒலிபெருக்கியில் 'டொக்' என்று ஒரு சத்தம். படம், டொக். படம், டொக். ஐயர் மந்திரத்தை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் சிரித்துவிட்டார். பிறகு சாரல் உள்ளே அடிக்கத் தொடங்கியபோது, தரையில் ஓடிய என் கம்பியின் இணைப்பு ஈரத்தில் கிடப்பதைப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து பிளக்கைப் பிடுங்கினார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி; அந்தக் கம்பியின் பக்கத்தில் மூன்று குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும் படத்தைக் கேமரா மேலிருந்த சிறிய ஃபிளாஷில்தான் எடுத்தேன். அடுத்த வாரமே பேட்டரி விளக்குக்கு மாறிவிட்டேன்.

ஈப்போ ஸ்டூடியோக்காரர்

பந்தக்கால் தம்பி, அது விளக்கின் குற்றமன்று. முதல் நாளே போய் எந்தப் பிளக் எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று பார்த்து, வேறு இடத்திலிருந்து தனிக் கம்பி இழுத்து, அதைச் சுவரோரமாக நாடா போட்டு ஒட்டியிருந்தால் தாய்மாமா உங்களுக்குப் பலகாரம்தான் கொண்டுவந்திருப்பார். கம்பியை நடுத் தரையில் விட்டுவிட்டுக் கம்பியைத் திட்டுகிறீர்கள்.

அட்டைப்பெட்டியில் 500 முறை முழுச்சக்தி என்று அச்சடித்திருப்பதையும் நான் நம்புவதில்லை. புதிய பேட்டரியை வைத்துக் குளிரறையில் எண்ணிய கணக்காக இருக்கும். இரண்டு ஆண்டு கழித்து எத்தனை என்று யாராவது எழுதட்டும்.

பந்தக்கால்

எழுதுகிறேன். ஏடி200-இன் பேட்டரி 14.4 வோல்ட், 2,900 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் ஏறக்குறைய 42 வாட்-மணி, அதாவது சுமார் 1,50,000 வாட்-நொடி. முழுச்சக்தியில் ஒரு மின்னலுக்கு 200 வாட்-நொடி என்றால் 500 மின்னலுக்கு 1,00,000. மூன்றில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது என்று கழித்தாலும் அட்டைப்பெட்டியின் கணக்கு இடிக்கவில்லை. பேட்டரி தேய்ந்து பாதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 250 முழுச்சக்தி மின்னல்கள் மிஞ்சும். டேவானுக்குள் நான் முழுச்சக்தியைத் தொடுவதே இல்லை. எட்டில் ஒரு பங்கில் அடித்தால் அதே தேய்ந்த பேட்டரி 2,000 படத்தை நெருங்கும். கல்யாணத்தில் அதற்கு மேல் எடுப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம்.

வெள்ளைக் குடை

இருவருக்கும் வணக்கம். தைப்பிங் பக்கம் குழந்தைகளையும் சடங்குகளையும் எட்டு ஆண்டாகப் படம் எடுத்துவருகிறேன். நீங்கள் இருவரும் உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று பேசுகிறீர்கள். தம்பிக்கு என்ன வேண்டும் என்று பேசவில்லை. அவருக்கு 200-உம் வேண்டாம், 300-உம் வேண்டாம். கேமராவில் செருகும் சாதாரண ஃபிளாஷ் இரண்டு, வெள்ளைக் குடை இரண்டு, ரேடியோ டிரிகர் ஒன்று. மீதிப் பணத்தில் வாடகை முன்பணத்தைக் கட்டிவிடலாம்.

கணக்குக் கேட்பீர்கள் என்று தெரியும். நல்ல ஃபிளாஷின் பெட்டியில், அதன் வலிமையைச் சொல்லும் வழிகாட்டி எண் 60 என்று போட்டிருப்பார்கள். அது ஒளியைக் குழாய்போல் குறுக்கிய 200 மில்லிமீட்டர் நிலையில் வரும் எண். 35 மில்லிமீட்டர் நிலையில் அது ஏறக்குறைய 36-தான். குடை இரண்டு ஸ்டாப்பை விழுங்கும் என்று வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). ஆள் 2 மீட்டர் தொலைவில் இருந்தால் 36-ஐ 2-ஆல் வகுத்து எஃப் 18 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறியது). இரண்டு ஸ்டாப் குறைத்தால் எஃப் 9. கேமராவின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 100-இல் இது முழுச்சக்தியில் கிடைப்பது. ஐ.எஸ்.ஓ. 800 வைத்தால் எட்டில் ஒரு பங்கு சக்தியிலேயே அதே எஃப் 9 வந்துவிடும். இன்றைய கேமராக்களில் 800 என்பது ஒரு பேச்சா? சடங்கு வீட்டின் முன்கூடத்தில் எஃப் 9-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? எனக்கு எஃப் 4 போதும்.

ஒளி மென்மையாக இருப்பதற்கு விலை காரணமன்று. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே காரணம். வியர்வை மின்னும் கருமையான முகத்தில் சிறிய ஃபிளாஷை நேராக அடித்தால் நெற்றியில் வெள்ளைப் பொட்டாக ஒரு வெடிப்பு விழும். அதே ஃபிளாஷைக் குடைக்குள் அடித்து, அந்தக் குடையை ஒரு கை நீளத்துக்குக் கொண்டுவந்தால், அந்த வெடிப்பு கன்னம் முழுவதும் பரந்து, சருமத்தின் நிறத்தையே எடுத்துக்காட்டும் மினுமினுப்பாகிவிடும். ஜரிகைக்கும் அட்டிகைக்கும் அதே கதைதான். பவுடரைப் பூசி மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: என் ஃபிளாஷுக்கு, சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் ஏஏ அளவு எனெலூப் பேட்டரி நான்கு போதும். அவசரத்துக்குச் சீனர் கடையில் சாதாரண ஏஏ வாங்கிப் போட்டாலும் ஓடும். பந்தக்கால் அண்ணனின் பேட்டரி சுங்கை சிப்புட்டில் எந்தக் கடையில் கிடைக்கும்?

பந்தக்கால்

கிடைக்காது. அதனால்தான் இரண்டாவது பேட்டரியை விளக்கோடு சேர்த்தே வாங்கச் சொல்கிறேன். உங்கள் கணக்கில் பிழையில்லை, அக்கா. ஆனால் அது கூரைக்குக் கீழே மட்டும் செல்லும் கணக்கு.

கோயில் கல்யாணத்தில் தாலி ஏறியதும் என்ன நடக்கும்? பொண்ணு மாப்பிள்ளையோடு இரு குடும்பமும் கோபுரம் தெரிய வாசலில் வந்து நிற்கும். மணி பதினொன்றரை. நம் ஊர்ச் சூரியன் உச்சியை நெருங்கிக்கொண்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 100-இல், ஷட்டர் 250-இல் ஒரு பங்கு நொடி திறந்தால், எஃப் 11 வேண்டும். எல்லார் கண்ணும் இருட்டுக் குழி. ஐ.எஸ்.ஓ.-வை 800-க்கு ஏற்றி அங்கே தப்பிக்க முடியாது; ஏற்றினால் வெயிலும் சேர்ந்தே ஏறும். ஷட்டரை வேகப்படுத்தலாம் என்றால் 200 அல்லது 250-ஐத் தாண்டியதும் ஹை ஸ்பீட் சிங்க் என்ற அதிவேக ஃபிளாஷ் முறை தேவை. 1986-இல் ஒலிம்பஸ் கொண்டுவந்த அந்த வித்தை நல்ல வித்தைதான், ஆனால் ஷட்டரின் சிறிய இடுக்கு நகர்ந்து முடியும்வரை ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், பாய்ந்த ஒளியில் பெரும்பகுதி மூடிய திரையில் மோதி வீணாகிறது. இரண்டு ஸ்டாப்பாவது போகும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் சிறிய ஃபிளாஷுக்கு அது கடைசி மூச்சு. அந்த இடத்தில் நான் மூன்று ஸ்டாப் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை லென்ஸில் மாட்டி, 250-இல் ஒரு நொடியிலேயே நின்று, எஃப் 11-ஐ எஃப் 4 ஆக்கிக்கொள்கிறேன். ஃபிளாஷின் ஒளி திரையில் மோதி வீணாகாது. அதற்கும் சக்தி வேண்டும்.

சக்தி என்றதும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதையும் தம்பிக்குச் சொல்லிவிடுகிறேன். கேமரா ஃபிளாஷ் ஏறக்குறைய 75 வாட்-நொடி. அதிலிருந்து 200 என்பது ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு. 200-இலிருந்து 400 ஒரே ஒரு ஸ்டாப். ஐயாவின் 300 எனது 200-ஐ அரை ஸ்டாப்பும் சில்லறையும்தான் மிஞ்சும்.

அடுத்து கூட்டுப் படம். நான்கு வரிசையில் 40 பேர். விளக்கை முன்வரிசையிலிருந்து 3 மீட்டரில் வைத்தால், 4 மீட்டரில் நிற்கும் பின்வரிசைக்கு வந்து சேரும் ஒளி முன்வரிசைக்கு விழுவதில் 56 விழுக்காடு மட்டுமே. முன்னால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாத்தாவின் வழுக்கை வெள்ளையாக வெந்துபோகும், பின்னால் நிற்கும் மைத்துனர்கள் முகம் தெரியாமல் நிற்பார்கள். அதே விளக்கை 6 மீட்டருக்குப் பின்னிழுத்து உயர்த்தினால் பின்வரிசைக்கு 73 விழுக்காடு கிடைக்கும். ஆனால் தொலைவு இரட்டிப்பானதால் ஒளி நான்கில் ஒன்றாகிவிட்டது. இந்த இரண்டு ஸ்டாப்பை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? குடையை இன்னும் அருகில் கொண்டுவா என்ற அறிவுரை ஒருவரைப் படமெடுக்கும்போதுதான் உதவும்.

வெள்ளைக் குடை

நாற்பது பேரையும் கோயிலின் நிழல் பக்கம் திருப்பி நிறுத்தலாமே அண்ணா. கோபுரத்தைத் தனியாகப் படமெடுத்துக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பந்தக்கால்

கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோயிலுக்காகக் கைமாற்று வாங்கிக் கொடுத்த பெரியவர் ஒருவர், படத்தில் கோபுரம் இல்லை என்று ஆல்பத்தையே திருப்பித் தந்தார்.

லயத்துப் பையன்

இன்னும் இரண்டு கேள்விகள். நான் போன கடையில், ஃபிளாஷே வேண்டாம், 60 வாட் எல்.இ.டி. விளக்கு வாங்கிக்கொள், படத்துக்கும் வீடியோவுக்கும் ஆகும் என்றார்கள். அது சரியா? அடுத்து, என் சித்தப்பா 1980-களில் வாங்கிய பெரிய ஃபிளாஷ் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதை இரண்டாவது விளக்காகக் கேமராவில் மாட்டலாமா?

ஈப்போ ஸ்டூடியோக்காரர்

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் அவசரப்பட்டு மாட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றில் கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அன்றைய கேமராவில் அது வெறும் உலோகத் தொடுப்பு, தாங்கியது. இன்றைய கேமராவின் மின்சுற்று கருகிவிடக்கூடும். மீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் கேமராவின் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள். ஆசைப்பட்டுத் திறந்தும் பார்க்காதீர்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்துவைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும். பல ஆண்டுகள் சும்மா கிடந்த கெப்பாசிட்டர் என்றால் எடுத்தவுடன் முழுச்சக்தியில் அடிக்கவும் கூடாது.

எல்.இ.டி. பற்றிப் பந்தக்கால் தம்பியே சொல்லட்டும். அதிலாவது நாங்கள் ஒத்துப்போவோம்.

பந்தக்கால்

ஒத்துப்போகிறோம். 125-இல் ஒரு நொடி ஷட்டர் திறந்திருக்கும்போது 60 வாட் விளக்கு செலவிடுவது 0.48 வாட்-நொடி. ஃபிளாஷ் அதே இடைவெளியில் 200-ஐக் கொட்டுகிறது. மின்சாரத்தை ஒளியாக மாற்றுவதில் எல்.இ.டி. கெட்டிக்காரன் என்பதற்காகத் தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் வித்தியாசம் ஏழு ஸ்டாப் அளவுக்கு நிற்கும். வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு போனால் எரிகிறதா இல்லையா என்று கைவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளைக் குடை

தூங்கும் பச்சைக் குழந்தைக்கு எல்.இ.டி.-தான் நல்லது என்பதை மட்டும் பதிவுசெய்துவிட்டு நகர்கிறேன். ஆனால் ஸ்டூடியோ ஐயாவிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 12 அடி அகல அறையில், ஆளுக்கும் சாஃப்ட்பாக்ஸுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்காது. விலை குறைந்த 300 வாட்-நொடி விளக்குகள் பல 16-இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதில்லை. அதுவே 19 வாட்-நொடி. பட்டுப்புடவைக்காரியின் பின்னணியை மங்கலாக்க நான் எஃப் 2.8 வைக்க நினைத்தால் அந்த விளக்கு விடுமா? ஏடி200 128-இல் ஒரு பங்குக்கு, அதாவது ஒன்றரை வாட்-நொடிக்கு, இறங்கும். என் சிறிய ஃபிளாஷ் இன்னும் கீழே போகும். சின்ன அறைக்குப் பெரிய விளக்கு ஏன்?

ஈப்போ ஸ்டூடியோக்காரர்

நியாயமான கேள்வி. நான் கற்ற காலத்தில் ஸ்டூடியோவில் எஃப் 8-க்குக் கீழே யாரும் போனதில்லை. காதும் மூக்கும் இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும் என்று காசு கொடுத்தவர்கள் கேட்பார்கள். எஃப் 2.8 வேண்டும் என்கிற தலைமுறைக்கு நான் சொன்ன விளக்கு சற்று முரடாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் என்.டி. ஃபில்டர் உண்டு, சாஃப்ட்பாக்ஸில் இன்னொரு வெள்ளைத் துணியும் போடலாம்.

இடையே ஒன்று. தம்பி எதை வாங்கினாலும், போவன்ஸ் எஸ் வகைப் பிடிப்பில் மாட்டும் சாஃப்ட்பாக்ஸையே வாங்குங்கள். அந்த ஆங்கிலேய நிறுவனம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அதன் பிடிப்பை மற்றவர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். பேட்டரி ஃபிளாஷுக்கும் அதற்கேற்ற பிராக்கெட் கிடைக்கிறது. விளக்கை நாளைக்கு மாற்றினாலும் சாஃப்ட்பாக்ஸ் கூடவே வரும். இதில் மட்டும் யாரும் என்னோடு சண்டை போட முடியாது.

லயத்துப் பையன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பந்தக்கால் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் ஏடி200-ஐ இரவல் கொடுத்தார். அப்பாயியை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் உட்காரவைத்து, சாஃப்ட்பாக்ஸை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி, பின்னால் ஆயாக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) வரை தெரியும்படி பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தேன். முழுச்சக்தியில் எஃப் 8-க்கும் எஃப் 11-க்கும் நடுவே நின்றது. பின்னால் வெயில் கொளுத்துகிறது. அப்பாயியின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும், மூக்குத்தியும், வெற்றிலைக் கறையும் தெரிகின்றன. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மழைக்கு முந்தின வெளிச்சம் மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டாவது படத்துக்கு முன் காற்று வந்து சாஃப்ட்பாக்ஸோடு ஸ்டாண்டைச் சாய்த்தது. தம்பிமார் ஓடி வந்து பிடித்தார்கள். இல்லையென்றால் அண்ணனுக்கு நான் புதிய விளக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன். மணல் பை பற்றி இங்கே யாருமே எழுதவில்லை என்பதை மரியாதையோடு சுட்டிக்காட்டுகிறேன்.

பேட்டரி ஃபிளாஷையே வாங்கப்போகிறேன். முடிக்குப் பின்னால் வைக்கும் இரண்டாவது விளக்காக என்னிடம் ஏற்கெனவே உள்ள சிறிய ஃபிளாஷை, வெள்ளைக் குடை அக்கா சொன்னபடி, எனெலூப் போட்டு டிரிகரில் மாட்டிக்கொள்கிறேன்.

ஈப்போ ஸ்டூடியோக்காரர்

நான் இன்னும் உடன்படவில்லை. மாடலிங் விளக்கின் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்துப் பழகாத கை, எடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி எடுத்துப் பார்த்தே ஓயும். ஒரு சனிக்கிழமை என் கடைக்கு வாருங்கள்; பழைய விளக்கின் முன் உங்களையே உட்காரவைத்துக் காட்டுகிறேன்.

அறையை விட்டுவிடாதீர்கள். அதன் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

லயத்துப் பையன்

மேற்கு, ஐயா. பெரிய சன்னல்.

ஈப்போ ஸ்டூடியோக்காரர்

அப்படியானால் மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே அடிக்கும். கண்ணாடியில் சாயம் ஒட்டாதீர்கள், நிறம் கெடும். மல் துணி வெள்ளையில் மூன்று கெஜம் கீழ்க்கடையிலேயே வாங்கி இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம்.